அடிக்கடி சிறுநீர் போகிறதா? ராமநாதபுரம் கடலோரத்தில் கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் கடலோரத்தில் யாரிடம் போய் "அடிக்கடி ஒண்ணுக்கு வருது" என்று சொன்னாலும், "சூடுதான், நுங்கு சாப்பிடு" என்ற பதில்தான் முதலில் கிடைக்கும். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இதே தொந்தரவுக்குப் பின்னால் கிருமித் தொற்று இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், கல் இருக்கலாம், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாசலில் இருக்கிற புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கிற ஒரு யூரின் டெஸ்ட்டும் ஒரு சுகர் டெஸ்ட்டும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி காட்டிவிடும். முதலில் டெஸ்ட், அப்புறம்தான் மாத்திரை. கீழே உள்ள பதில்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனால் "அடிக்கடி" என்று எடுத்துக்கொள்வது?

பெரியவர்கள் பகலில் ஆறிலிருந்து எட்டுத் தடவை போவதும், ராத்திரி ஒரு தடவை எழுந்திருப்பதும் சாதாரணம். வயதானவர்கள் இரண்டு தடவை எழுந்திருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. போன மாதம் வரைக்கும் விடிய விடியத் தூங்கியவர் இப்போது மூன்று தடவை எழுந்திருக்கிறார் என்றால், அந்த மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று டாக்டர் கேட்கிறார். அது எதற்கு?

காரணத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கேள்வி இல்லை. சிறுநீர்ப்பையில் சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரைக்கும் தங்கும். ஒவ்வொரு தடவையும் நிறையப் போய், ஒரு நாளின் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால், உடம்பு சிறுநீரை அதிகமாக உண்டாக்குகிறது என்று அர்த்தம். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை. நீர் பிரிய வைக்கும் மாத்திரையோ, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதோகூடக் காரணமாக இருக்கலாம். மாறாக, அவசரமாக ஓடிப் போனால் கால் டம்ளர்கூட வரவில்லை, பத்து நிமிடத்தில் மறுபடியும் வருகிறது என்றால், கோளாறு அநேகமாகப் பையில் அல்லது அதன் வாசலில் இருக்கும். தொற்று, கல், புராஸ்டேட் எல்லாம் இந்த வகைதான்.

பகலில் ஒழுங்காக இருந்து, ராத்திரி படுத்த பிறகு மட்டும் நிறையப் போகிறது என்பவர்கள் சாயங்காலம் கணுக்காலை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் சிறுநீராக இறங்குகிறது. இதயமோ சிறுநீரகமோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சாப்பாடு இறங்காதவர்களுக்கும் இந்த இரவுத் தொந்தரவு உண்டு. உப்பு கூடினால் தாகம் கூடும், அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகமும் ராத்திரியில் வேலை செய்யும்.

அளப்பது கஷ்டமில்லை. மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். இரண்டு மூன்று நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன குடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கிற நாளில் இதைச் செய்யலாம்.

வெறும் சூட்டுக் கடுப்பா, கிருமித் தொற்றா, எப்படித் தெரிந்துகொள்வது?

வெயிலில் வேர்த்துப் போய்த் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகி, போகும்போது லேசாக எரியும். இரண்டு மூன்று செம்பு தண்ணீர் குடித்ததும் நிறம் வெளுத்து, அன்றைக்கே எரிச்சல் நின்றுவிட்டால் அது நீர் குறைந்ததால் வந்தது.

தொற்று அப்படி நிற்காது. தண்ணீர் குடித்தாலும் கடுப்பு இருக்கும், போய்விட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும், அடிவயிறு வலிக்கும், சிறுநீர் கலங்கியோ நாற்றத்தோடோ சில சமயம் ரத்தம் கலந்தோ வரும். நாற்றம் மட்டும் இருந்தால் அதைத் தொற்று என்று சொல்ல முடியாது. ஒரு நாள் தண்ணீர் குடித்தும் குறையவில்லை என்றால் அடுத்த நாள் காத்திருக்காதீர்கள்.

இது பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சுத்தக் குறைவா?

இல்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே நிறையப் பெண்களை வாய் திறக்க விடாமல் செய்துவிட்டோம். பெண்ணுக்குச் சிறுநீர்த்தாரையின், அதாவது பையிலிருந்து சிறுநீர் வெளியே வருகிற குழாயின், நீளம் சுமார் 4 செ.மீ. ஆணுக்கு 18 முதல் 20 செ.மீ. வரை. பெரும்பாலான தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை என்ற கிருமி எல்லோருடைய குடலிலும் இருப்பதுதான். ஆசனவாயிலிருந்து அது சிறுநீர்ப்பைக்குப் போகிற தூரம் பெண்களுக்கு மிகக் குறைவு, அவ்வளவுதான். மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்தின் தோல் மெலிந்து வறண்டு போவதால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவுவது நல்லது. சோப்பு, கிருமிநாசினி எதையும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம். அது நல்லது செய்கிற கிருமிகளையும் அழித்துவிடும். வெறும் தண்ணீரே போதும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்த வாரத்தில்தான் எனக்குக் கடுப்பு ஆரம்பித்தது. அவர்மேல் சந்தேகப்பட வேண்டுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிற கேள்வி இது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு சேரும்போது, பெண்ணின் உடம்பிலேயே இருக்கிற குடல் கிருமி சிறுநீர்த்தாரைக்குள் தள்ளப்படுகிறது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு வருவதும் இதனால்தான். இது அவரிடமிருந்து ஒட்டிய நோய் இல்லை, யாருடைய நடத்தைக்கும் சான்று இல்லை. சேர்ந்த பிறகு உடனே போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வருவது பலருக்கு உதவும்.

வெள்ளைப்படுதல் நிறம் மாறியிருந்தால், புண் இருந்தால், அல்லது அவருக்கும் எரிச்சலோ சீழோ இருந்தால், அது வேறு விஷயம். அப்போது இரண்டு பேரும் சேர்ந்தே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பாசி எடுக்கப் போகிறோம். காலையில் கடலில் இறங்கினால் மத்தியானம்தான் கரை. அடக்கி வைப்பதால் நோய் வருமா?

ஒரு நாள் அடக்கினால் ஒன்றும் ஆகாது. தினமும் அடக்கினால், பையில் தேங்குகிற சிறுநீரில் கிருமி பெருக நேரம் கிடைக்கிறது. அதைவிடக் கெடுதல், போக இடமில்லையே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்வது. பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற பெண்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறவர்கள், ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். உப்பளத்தில் சுற்றிலும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. இது அவர்கள் செய்கிற தப்பு இல்லை. வேலை இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டாததுதான் தப்பு. அதைக் கேட்டு வாங்குவதையும் வைத்தியத்தில் ஒரு பாதி என்றே சொல்வேன்.

அதுவரைக்கும் முடிந்ததைச் செய்யுங்கள். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை போய்விட்டு இறங்குங்கள். கரை ஏறியதும் முதல் வேலையாக ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வழி இருந்தால் கூச்சப்படாமல் போய்விடுங்கள்.

ஈரத்துணியோடு இருப்பதால் தொற்று வருமா? தீர்த்தமாடிவிட்டு வந்தால் எரிகிறதே?

கடல் தண்ணீரோ ஈரத்துணியோ நேரடியாகச் சிறுநீர்ப்பையில் தொற்றைக் கொண்டுவருவதில்லை. ஆனால் உப்பு ஊறிய துணி தொடை இடுக்கில் உரசினால் தோல் பொரிந்து புண்ணாகும், படர்தாமரை வரும், பிறப்புறுப்பில் பூஞ்சை வரும். அந்த இடத்தில் சிறுநீர் பட்டால் எரியும். வெளியே எரிகிறதா, உள்ளே கடுக்கிறதா என்று பிரித்துச் சொன்னால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் காய்ந்த பருத்தித் துணிக்கு மாறிவிடுங்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. அதனால்தான் இதெல்லாம் வருகிறதா?

உவர்த் தண்ணீர் தொற்றை உண்டாக்காது. நான் பார்க்கிற சிக்கல் வேறு. தள்ளுவண்டியில் குடத்தை வைத்து நெடுந்தூரம் தள்ளி, இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கி, சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீரை யாரும் தாராளமாகக் குடிப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகக் குடிப்பவர் அம்மாதான். கல் உண்டாவதற்கும் திரும்பத் திரும்பத் தொற்று வருவதற்கும் இந்தக் குறைவாகக் குடிப்பது பெரிய காரணம். குடிக்கிற தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் வெளியே வேலை செய்கிறவர்களுக்கு அது 3 லிட்டரோ அதற்கு மேலோ ஆகலாம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடையில் சொன்னால் மாத்திரை தருகிறார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது. பிறகு எதற்கு டெஸ்ட்?

இரண்டு நாளில் சரியாகி, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறதே, அதற்காகத்தான். அரைகுறையாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கில் பலவீனமான கிருமி சாகும், முரட்டுக் கிருமி தங்கும். சிப்ரோஃப்ளாக்சசின் போல முன்பு எளிதாகக் கேட்ட மருந்துகளுக்கு இப்போது நம் நாட்டில் ஈ.கோலை பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. கடையில் கை நீட்டி வாங்குகிற ஒவ்வொரு இரண்டு மாத்திரைக்கும் இதில் பங்கு இருக்கிறது.

சாதாரணமான பெண்ணுக்கு வருகிற எளிய தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் ஐந்து நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் ஒரே வேளை போதும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் நைட்ரோஃபியூரன்டாயின் ஒத்துவராது. அதனால்தான் டாக்டர் எழுத வேண்டும் என்கிறோம். எழுதிக் கொடுத்ததை எரிச்சல் நின்றாலும் முழுசாக முடியுங்கள். நீர்க்கடுப்புக்கு என்று தருகிற சிரப் எரிச்சலைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லாது.

திரும்பத் திரும்ப வருகிறவர்கள், ஆண்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்கு கல்ச்சர் டெஸ்ட் அவசியம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று அது சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்துகொண்டே இருக்கிறது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் காசநோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

நுங்கு, பதநீர், இளநீர், வாழைத்தண்டு, நெருஞ்சில் கஷாயம்... இதெல்லாம் பலன் தருமா?

நீர் குறைந்ததால் வந்த கடுப்புக்கு நுங்கும் இளநீரும் மோரும் நீராகாரமும் அருமையானவை. பனங்காடு சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு பாட்டில் குளிர்பானத்தைத் தேடிப் போக வேண்டாம். ஆனால் தொற்றை இவை ஆற்றாது. பதநீர் இனிப்பானது, சர்க்கரை உள்ளவர்கள் தொடக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. வாழைத்தண்டைக் கறியாகச் சாப்பிடுங்கள், நல்லது. ஏற்கெனவே அடைத்து நிற்கிற கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீர் அடைபட்டே கிடந்தால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகமே கெட்டுவிடும்.

தாகமும் அதிகம், சிறுநீரும் அதிகம். சர்க்கரையா?

உடனே பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தாகம், அதனால் இன்னும் சிறுநீர், எடையும் குறையும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இந்த அறிகுறிகளோடு எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ சர்க்கரை நோய் என்று கொள்வார்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால், அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிற மருந்துகள். சிறுநீர் கூடும், பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சையும் வரலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறவர்களிடமும் இதைக் கேட்கலாம்.

அப்பாவுக்கு அறுபது வயது. ராத்திரி நாலு தடவை எழுகிறார், சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்கிறார்.

புராஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பெரிதாகிச் சிறுநீர்த்தாரையை நெருக்குவதால் வருவது இது. அறுபது வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இந்த வீக்கம் இருக்கும். பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, ஆனால் அதையும் பார்த்து இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மாத்திரையிலேயே பலருக்குக் குறைந்துவிடும்.

இப்படிப்பட்டவர்கள் சளிக்கு என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். சில சளி மாத்திரைகள் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். நடுக்கடலில் அடைத்தால் கரை சேரும் வரை அந்த வலியைத் தாங்கவே முடியாது. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். வலை பின்னுகிற, போட்டுக்கு பெயிண்ட் அடிக்கிற அந்த நாட்களில் ஒரு நாளை ஒதுக்கி ஐம்பது தாண்டிய எல்லோரும் சர்க்கரையையும் சிறுநீரையும் புராஸ்டேட்டையும் பார்த்துவிடலாம். வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், முக்கியமாக பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு வந்தால், தடைக்காலம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

விலாவில் சுருட்டிப் பிடித்து, அடிக்கடி வருகிறது.

கல் இறங்கி வந்து பைக்கு அருகில் நின்றால் இப்படி இருக்கும். வலி முதுகிலிருந்து தொடை இடுக்கு வரை ஓடும். ஸ்கேன் எடுத்துக் கல்லின் அளவைப் பார்க்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே விழும். வலிமாத்திரையை நாள்கணக்கில் நீங்களாகப் போடாதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கர்ப்பிணிக்கு இது சகஜம்தானே?

முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் அடிக்கடி போவது சகஜம். எரிச்சலும் காய்ச்சலும் சகஜம் இல்லை. கர்ப்பத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருக்கலாம். அதை அப்படியே விட்டால் சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவமும் ஆகலாம். அதனால்தான் கிருமி இருப்பது தெரிந்தால், தொந்தரவே இல்லாவிட்டாலும் கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுக்கிறார்கள். செக்கப்புக்குப் போகிறபோது யூரின் கொடுக்கச் சொன்னால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று தட்டிக் கழிக்காதீர்கள்.

பிள்ளை படுக்கையிலேயே போய்விடுகிறது. எப்போது பயப்பட வேண்டும்?

ஐந்து வயது வரை இது இயல்பு. திட்டவும் அடிக்கவும் வேண்டாம். மலச்சிக்கல் இருந்தாலும் இப்படி ஆகும், அதை முதலில் கவனியுங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கி வைக்கிறதா என்றும் மெதுவாகக் கேளுங்கள். சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும், கைக்குழந்தையாக இருந்தாலும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். படுக்கையில் போவதை நிறுத்தியிருந்த பிள்ளை திரும்பவும் போக ஆரம்பித்து, தண்ணீரும் நிறையக் குடித்து, மெலிந்துகொண்டே வந்தால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வரும். தாமதித்தால் மயக்கத்தில் கொண்டுபோய்விடும்.

நோன்புக் காலத்தில் என்ன செய்வது?

நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் அப்படியே வெளியேறிவிடும். நோன்புக் கஞ்சி நல்லது. டீயையும் காபியையும் குறைத்துக்கொள்ளுங்கள், அவை பையை உறுத்தும். ஆன்டிபயாடிக் ஒரு வேளை, இரண்டு வேளை என்றால் நேரத்தை மாற்றித் தரச் சொல்லலாம். காய்ச்சலோடு தொற்று இருந்தால் நோன்பைப் பிறகு நோற்க மார்க்கமே அனுமதிக்கிறது.

எல்லா டெஸ்ட்டும் நார்மல். ஆனாலும் அடிக்கடி வருகிறதே?

சிலருக்குப் பை நிறைவதற்கு முன்பே சுருங்கும். இது மனப்பிரமை இல்லை. அவசரம் வந்ததும் ஓடாமல் ஐந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள், வாரா வாரம் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ அதை மற்ற நேரத்தில் இறுக்கித் தளர்த்துங்கள், ஒரு தடவைக்குப் பத்து என்று தினமும் மூன்று தடவை. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பலன் இல்லாவிட்டால் இதற்கும் மாத்திரைகள் உண்டு.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பினால், ரத்தம் கட்டியாக வந்தால், சர்க்கரை உள்ளவர் அரைமயக்கமாக இருந்தால், வயதானவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால், கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே போக வேண்டும். ராத்திரியாக இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ராமநாதபுரத்தில் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. ஆனாலும் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே கிளம்புங்கள். என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

யூரின் டெஸ்ட்டுக்கு எப்படிப் பிடித்துக் கொடுப்பது?

அந்த இடத்தை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப்பில் கொடுக்கிற டப்பாவில் பிடியுங்கள். வீட்டிலிருந்து பழைய மருந்து பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள். டப்பாவின் உள்பக்கம் விரல் படக் கூடாது. கல்ச்சருக்கு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வழியிலேயே கிருமி பெருகி முடிவு தப்பாக வரும். மாதவிடாய் நாளாக இருந்தால் அதை லேப்பில் சொல்லிவிடுங்கள்.